டப்பி தேடி வந்த மச்சான்

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் கரைக்கு இரண்டு வகை விருந்தாளிகள் வருவார்கள். ஒன்று, முட்டையிட வரும் பங்குனி ஆமை. மற்றது, பிரான்சிலிருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரர்கள். ஆமை ராத்திரியில் கரையேறி, மணலைத் தோண்டி, வந்த வேலையை முடித்துக்கொண்டு யாரையும் எழுப்பாமல் கடலுக்குத் திரும்பிவிடும். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது மற்றவர்களை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வகை ஆளை விளக்க வேண்டியதில்லை. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். 1962-இல் எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டபோது பிரெஞ்சு என்று எழுதிக் கொடுத்த குடும்பம். எட்டு வயதில் அரைக்கால் சட்டையோடு பாரிசுக்குப் போன பையன், பென்ஷன் வாங்கியபிறகு மறுபடியும் அரைக்கால் சட்டையோடு நோணாங்குப்பத்தில் வந்து இறங்குவான். என் அத்தை மகன் அப்படி ஒருவன். நடுவில் ஐம்பது வருஷம் போனதுதான் வித்தியாசம். சட்டையிலும் ஒரு வித்தியாசம் உண்டு, பதினொரு பாக்கெட். ஒன்றில் கொசுவுக்குக் கிரீம், ஒன்றில் வெயிலுக்குக் கிரீம், மற்றொன்றில் இந்த இரண்டு கிரீமும் ஒத்துக்கொள்ளாமல் போனால் தடவ இன்னொரு கிரீம். கழுத்து மறைய துணி தொங்கும் தொப்பி. பனிமலை ஏறப்போகிறவன் மாதிரி இரண்டு கையிலும் ஊன்றுகோல். இவ்வளவும் எதற்கு என்றால், கடலூர் சாலையைத் தாண்டிச் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறை வரை நடப்பதற்கு.

"மச்சான், நான் இயற்கையோட இருக்க வந்திருக்கேன்" என்றான் முதல் நாளே.

இந்த வகையினருக்குச் சும்மா இயற்கையோடு இருக்கத் தெரியாது. ஒரு சாக்கு வேண்டும். மச்சானின் சாக்குக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். முன்பின் தெரியாத யாரோ ஒரு டப்பியை எங்கேயோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார். மற்றவர்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் சீட்டில் பெயரெழுதிவிட்டு, டப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"பரிசு கிரிசு?"

"கண்டுபிடிக்கிறதே பரிசுதான் மச்சான்."

அவனுக்குக் காபி கொடுத்தேன்.

விளையாட்டு பிறந்த கதையையும் அவனே சொன்னான். செயற்கைக்கோள் வழிகாட்டியில் பொதுமக்களுக்கு வரும் சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே கலங்கடித்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரைக்கும் தப்புக் காட்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலங்கலை நீக்கினார்கள். மே 3-ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியை மறைத்துவைத்து, அது இருக்கும் இடத்தை அறிவித்துவிட்டார். வாளிக்குள் புத்தகம், வீடியோ கேசட், ஓர் உண்டிவில், ஒரு டின் பீன்ஸ். இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பிகள் ஒளிந்திருக்கின்றனவாம். ஆனால் பீன்ஸ் வைப்பது மட்டும் நின்றுபோயிற்று. தின்பண்டம் வைத்தால் மனிதனுக்கு முன்னால் மிருகம் கண்டுபிடித்துவிடுகிறது என்று விதியே போட்டுத் தடுத்துவிட்டார்கள். மிருகங்களிடம் போன் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

யாரோ வெள்ளைக்காரர் எப்போதோ நம்ம ஊரில் ஒளித்துவைத்துவிட்டுப் போன டப்பி ஒன்று இருப்பதாகப் போன் சொல்லிற்று. புறப்பட்டோம். ஆற்றோரம் அலையாத்திச் செடிகள். சேற்றில் பொடி நண்டுகள், ஒரு கொடுக்கை மட்டும் உடம்பளவு பெரிதாக வளர்த்து வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்து வா வா என்று ஆட்டின. ஆண் நண்டு பெண் நண்டைக் கூப்பிடும் ஜாடை அது. மச்சான் பதிலுக்குக் கையாட்டினான். வானத்தில் செம்பருந்து வட்டமிட்டது. படகுக்குக் காத்திருந்த கூட்டத்தில் பாதிப்பேர் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மச்சான் கேமராவைத் தூக்கினான். பறந்துபோன பிறகு லென்ஸ் மூடி இன்னும் கழற்றப்படவில்லை என்பது தெரியவந்தது.

தண்ணீர் ஓரம் பழுப்பாக ஒன்று குந்தியிருந்தது. பறவை என்றே தெரியவில்லை, மண்கட்டி மாதிரி. கிட்டே போனதும் சடாரென்று வெள்ளை வெளேரென்று இறக்கை விரித்துப் பறந்தது.

"அது இன்னா மச்சான்?" என்றான்.

"மடையான்."

பத்து நிமிஷம் அவன் என்னோடு பேசவில்லை. பறவையின் பெயரே அதுதான் என்று விளக்கியும் முழு நம்பிக்கை வரவில்லை. போனில் தேடிப் பார்த்த பிறகுதான் முகம் தெளிந்தது.

இந்த விளையாட்டில் முக்கியமான விதி, தேடுவதை வெளியாட்கள் பார்க்கக் கூடாது என்பது. வெளியாட்களுக்கு 'மக்கிள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஹாரி பாட்டர் கதையிலிருந்து எடுத்தது. ஆரிகன் காட்டில் இந்த விதி செல்லுபடியாகலாம். நோணாங்குப்பத்தில் ஒரு மனிதன் குனிந்து தரையைப் பார்த்தால் அரை நிமிஷம்கூடத் தனியாக இருக்க முடியாது.

மச்சான் புங்கமரத்தடியில் குனிந்தான். முதலில் இளநீர்க் கடைக்காரர் வந்தார்.

"இன்னா சார் தொலைச்சீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க."

ஒன்றும் இல்லை என்று சொன்னால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அவரும் குனிந்தார். அடுத்து டூவீலரில் போன இரண்டு பேர் வண்டியை நிறுத்தினார்கள். "செயினா?" "எத்தினி பவுனு?" மீன்கூடையோடு போன அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "தாலிச் செயினாப்பா? ஐயோ பாவமே" என்று மச்சானின் பெண்சாதிக்காக அங்கேயே கண்கலங்கினார். பத்து நிமிஷத்தில் பன்னிரண்டு பேர் மண்ணைக் கிளறினார்கள். பதினைந்தாவது நிமிஷத்தில் ஒரு பெரியவர் தன் பங்குக்கு, "பிரான்சுலேர்ந்து மிசினோட வந்திருக்காரு. அரிக்கமேட்டுப் பொருள்தான் வேற இன்னா" என்று முடித்துவைத்தார்.

பெரியவரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டில் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிக்கற்களைத்தான் 1937 வாக்கில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் விலைகொடுத்து வாங்கினார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டி, ரோமாபுரிச் சாடிகளை எடுத்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒயின் சாடியை ஒளித்துவைத்துவிட்டு, கண்டுபிடித்தவர்கள் சீட்டில் பெயரெழுதட்டும் என்று போனவர்கள்! டப்பியைப் புதைக்கக் கூடாது என்ற விதி அப்போது இல்லை.

வெள்ளைக்காரரின் டப்பி கிடைக்கவில்லை. மச்சான் போனில் 'கிடைக்கவில்லை' என்று பதிந்தான். தேற்றுவதற்காக லெ ழாந்தியின் கதையைச் சொன்னேன். சூரியனை வெள்ளிக் கிரகம் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்ட வானியலாளர். 1761-இல் ஊரை இங்கிலீஷ்காரர்கள் பிடித்துவிட்டதால் நடுக்கடலில் நின்றார். அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் காத்திருந்து, 1769 ஜூன் 4 காலை புதுச்சேரியில் கருவியோடு தயாராக உட்கார்ந்தபோது மேகம் மூடிக்கொண்டது. ஊருக்குத் திரும்பினால் அவரை இறந்துபோனவர் என்று முடிவுகட்டி இருந்தார்கள். "உனக்கு ஒரு காலைதானே போச்சு" என்றேன். அவன் தேறவில்லை.

திரும்பும் வழியில் வாய்க்கால் ஓரம் இரண்டு மிருகங்களைச் சந்தித்தோம். முதலாவது, தண்ணிப்பாம்பு. விஷமில்லாதது. ஆனால் மிரண்டால் கழுத்தைத் தட்டையாக்கி, நல்லபாம்பு மாதிரி பாவலா காட்டும். மச்சான் ஊன்றுகோல்கள் இரண்டையும் வாய்க்காலில் விட்டுவிட்டு, "மேர்த்!" என்று அலறினான். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையன்கள் அதைப் பாம்பின் பிரெஞ்சுப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். மேர்த்துப் பாம்பு, மேர்த்துப் பாம்பு என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. எங்கள் தெருக்கோடி சொல்தா வீட்டுப் பாட்டிக்கு மட்டும் அது பிரெஞ்சுக் கெட்ட வார்த்தை என்று தெரியும். அவர் ஒரு வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பையன்களைத் திருத்த மட்டும் மறுத்துவிட்டார்.

இரண்டாவது மிருகம், தெருநாய். இதைப் பற்றி அவன் படித்த எந்தப் புத்தகத்திலும் அத்தியாயம் இல்லை. சிங்கம் வந்தால் ஓடக் கூடாது, கரடி வந்தால் இப்படி நிற்க வேண்டும் என்றெல்லாம் தெரியும். பதினொரு பாக்கெட்டையும் தட்டிப் பார்த்தான், நாய்க்கென்று கிரீம் இல்லை. நான் குனிந்து கல்லெடுப்பது மாதிரி பாவனை செய்தேன், நாய் போய்விட்டது. "இது எந்த டெக்னிக்?" என்று வியந்து, நோட்டில் குறித்துக்கொண்டான்.

கடைசி வாரம் அவனே ஒரு டப்பி வைக்கத் தீர்மானித்தான். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் குப்பி, உள்ளே சுருட்டிய சீட்டு. படகேறிப் பாரடைஸ் கடற்கரைக்குப் போய், அடம்புக்கொடிக்கு நடுவில் கிடந்த ஒரு கட்டையடியில் மறைத்தோம். ஆனால் லீவுக்கு வந்தவர்கள் வைத்துவிட்டுப் போகக் கூடாது, பராமரிக்க உள்ளூர் ஆள் வேண்டும் என்று விதி இருக்கிறதாம். "நீதான் மச்சான்" என்று தோளைத் தட்டிவிட்டு விமானம் ஏறினான்.

மார்ச் மாதம் வாட்ஸப்பில் செய்தி வந்தது: யாரோ தேடினார்களாம், கிடைக்கவில்லையாம், போய்ப் பார். போனேன். கட்டையடியில் சீட்டு மட்டும் கசங்கிக் கிடந்தது, மூடி தனியாக. குப்பியைக் காணோம். நாலைந்து முழம் தள்ளி ஏதோ நகர்ந்தது. செத்த சங்குக்குள் குடியிருக்குமே, அந்த நண்டு. அளவான சங்கு கிடைக்கவில்லை போலும், குப்பிக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு, காலை மட்டும் வெளியே நீட்டி, கண்ணாடி மாளிகையோடு நடந்துகொண்டிருந்தது.

படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில்: "சூப்பர். லொகேஷன் அனுப்பு."

அனுப்பினேன். அதற்குள் நண்டு இரண்டடி நகர்ந்துவிட்டது. மறுபடி அனுப்பினேன். கொடிக்குள் புகுந்தது. போனை ஒரு கையில் பிடித்து, மறு கையால் வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே பின்னால் போனேன். எவ்வளவு தூரம் போனேனோ, முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"இன்னா சார் தொலைச்சீங்க?"