தேசிங்குக்கு ஒரு காப்பீட்டு அட்டை

ஏழைக் குடும்பத்தின் மருத்துவமனைச் செலவை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அரசே ஏற்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை ஆராய்ந்து, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையின்படி, முன்னரே இறந்ததாகப் பதிவான 3,446 பேர் மீண்டும் சிகிச்சை பெற்றதாகக் காட்டப்பட்டு, அதற்கான கோரல்களுக்கு, அதாவது மருத்துவமனைகள் அனுப்பும் செலவுப் பட்டியல்களுக்கு, 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டது. தமிழ்நாடும் பின்தங்கவில்லை, ஏழே ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இங்கு நிகழ்ந்திருந்தன. ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகள், பத்து இலக்கமும் ஒன்பதாகவே அமைந்த ஒரே கைப்பேசி எண்ணைப் பகிர்ந்துகொண்டதற்கு, பயனாளியை அடையாளம் காண அவ்வெண் தேவையே இல்லை என்று ஒன்றிய அரசு விளக்கமளித்தது. தேவையற்றதை ஏன் கேட்டார்கள் என்பது வேறு துறைக்குரிய கேள்வி போலும்.

இத்தகைய தாராளத்தில், 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட செஞ்சியின் ராஜா தேசிங்கு, போர்க்காயத்துக்காக இன்றும் மருத்துவமனையில் கட்டில் பெற இயலும் என்றே தோன்றுகிறது. இறப்பு அவருக்குத் தடையாகாது. ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து தமிழ்நாட்டில் நடக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் விதிக்கும் 1,20,000 ரூபாய் ஆண்டு வருமான வரம்புதான் தடை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளில் கோட்டை வைத்திருந்தவர், வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலர்முன் நிற்கையில், நவாபுக்குக் கப்பம் கட்டாததையே வறுமைக்கு ஆதாரமாகக் காட்டலாம். அவருடைய குதிரைக்குத் தனி எண் வேண்டியதில்லை. அந்த ஏழு ஆதார் எண்களில் ஒன்றிலேயே சேர்த்துவிடலாம்.