நேர்முகத் தேர்வில் குறையுரைத்தல்: வகையும் பாடபேதமும்

தன் குறையைத் தன் வாயால் பிறரறியச் சொல்லுதல் குறையுரை எனப்படும். காவல் பணி நேர்முகத் தேர்வில் "உங்ககிட்ட இருக்கிற வீக்னெஸ் என்ன?" என்ற வினாவுக்கு விடையாக இது பிறக்கும், கேளாமல் பிறந்ததாகச் சான்றில்லை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் சார்பு ஆய்வாளர் தேர்வில் எழுத்துக்கு 70 மதிப்பெண், உடற்திறனுக்கு 15, என்.சி.சி., விளையாட்டு முதலியவற்றுக்கு 5, நேர்முகத்துக்கு 10. குறையுரை இந்தப் பத்துக்குள் அடங்கும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் நேர்முகமே இல்லை. ஆகவே அவர்களுக்குக் குறையும் இல்லை என்பது துணிபு. ஐ.பி.எஸ். நாடி டெல்லி தோல்பூர் ஹவுஸ் வரை போகிறவருக்கோ 2025 மதிப்பெண்ணில் 275 ஆளுமைத் தேர்வுக்கு உரியது. பதவி உயர உயரக் குறைக்கு விடப்படும் பங்கும் உயர்வதை நோக்குக.

இத்துறைக்கு மூலநூல் கிடையாது. பயிற்சி மைய வாசல் ஜெராக்ஸ் கடைகளில் வழங்கும் குறிப்புப் பிரதிகளே ஆதாரம். அவை இங்கு அ, ஆ, இ எனச் சுட்டப்படும். 'அ'வைப் பார்த்து 'ஆ', 'ஆ'வைப் பார்த்து 'இ' எடுக்கப்பட்டது. ஆய்வேடுகள் உண்டாகும் முறையும் பெரும்பாலும் இதுவே.

உடற்குறை இங்கு ஆராயப்படவில்லை. 170 செ.மீ. உயரமும், 81 செ.மீ. மார்பும், மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிவும் முன்பே டேப் வைத்துப் பார்த்தாயிற்று.

முதல் வகை, குணம் குறைபோல வேடமிட்டு வருவது. "எடுத்த வேலையை முடிக்காம எனக்குத் தூக்கம் வராது சார்" என்பது அ பிரதியின் பாடம். ஆ பிரதியில் 'தூக்கம்' இருக்க வேண்டிய இடத்தில் டீக் கறை. அங்கே 'சாப்பாடு' என்ற சொல்லைப் பெய்துகொள்வர் ஒரு சாரார். 'சம்பளம்' என்பர் மற்றொரு சாரார். இ பிரதியில் அந்தக் கறை மேலும் கறுத்து, உற்று நோக்கின் 'மாமூல்' என வாசிக்கக் கிடக்கிறது. இப்பாடம் பொருளுக்குப் பொருந்தினும் இடத்துக்குப் பொருந்தாமையின் விலக்கப்பட்டது. சொற்களைப் பிரித்து வேறிடத்தில் கூட்டிப் பொருள் காண்பதில் நச்சினார்க்கினியரை அடியொற்றும் மூன்றாம் சாரார், "எடுத்த தூக்கத்தை முடிக்காம எனக்கு வேலை வராது சார்" எனக் கொண்டுகூட்டுவர். உரை வலிந்தது, ஆயினும் விண்ணப்பதாரர்களை அறிந்தோர் இதையே மெய்யுரை என்பர்.

இரண்டாம் வகை முன்கோபம். "கொஞ்சம் கோபம் வரும் சார், இப்ப தியானம் பண்றேன்" என்பது வாய்பாடு. கோபம் இப்பணிக்குக் குறையா தகுதியா என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் கைதுக்கு 11 கட்டளைகளை விதித்தது. காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. அதோடு ஐயம் நீங்கியிருக்க வேண்டும். தியானம் இடைச்செருகல்.

மூன்றாம் வகை பெரிது. இரவில் போன் பார்த்தல், எழ நேரமாதல் போன்ற சில்லறைக் குறைகளைச் சொல்லிவிடுதல். இங்குதான் தலையாய சிக்கல் எழுகிறது: குறையுரை ஒப்புதல் வாக்குமூலம் ஆகுமா? காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதலை, குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்றது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் அது 23ஆம் பிரிவு. எதிரே உட்கார்ந்திருப்பவர் காவல் அதிகாரி. எனவே குறையுரை செல்லாது, மதிப்பெண் குறைக்க வழியில்லை என்பர் முதற்சாரார் (ஆ பிரதி, ஓரக்குறிப்பு).

மறுப்போர் விதிவிலக்கைக் காட்டுவர். ஒப்புதலால் ஒரு பொருள் வெளிப்பட்டால், அந்த வெளிப்பாட்டைத் தெளிவாகச் சாரும் பகுதி மட்டும் செல்லும். கண்டெடுத்த பொருள் மட்டுமல்ல, அது இருந்த இடமும், இருப்பது அவருக்குத் தெரியும் என்பதும் இதில் அடங்கும் என்றது புலுக்குரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில். "போன் அதிகமா பார்ப்பேன் சார்" என்று சொல்லி வாய் மூடுமுன் பேன்ட் பாக்கெட்டில் அதே போன் அடித்தால், பொருளும் இடமும் அறிவும் ஒருங்கே மெய்ப்படுகின்றன (ஆ பிரதி, மேற்படி ஓரக்குறிப்பின் மறுப்பு, சிவப்பு மை). ரிங்டோனும் அடங்குமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. விண்ணப்பதாரர் குற்றம் சாட்டப்பட்டவரே அல்லர், அவருக்கு இந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார் (இ பிரதி, பின்னட்டை உட்புறம், பஸ் நேரங்களுக்குக் கீழே, வேறு கையெழுத்து, பச்சை மை, எனவே அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலராகலாம், அன்றி அவர் பேனாவை இரவல் வாங்கியவராகலாம்). இவ்வினாவோடு சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடுவதால், ஆய்வாளர் எவரும் இதை மேற்கோள் காட்டுவதில்லை. தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்னும் அரசியலமைப்பின் 20(3)ஆம் கூறை நம்பி வாய்திறவாதிருப்போரும் உளர். அவர்கள் அடுத்த ஆண்டும் வருவர்.

நான்காம் வகை உண்மைக் குறை. மூன்று பிரதிகளிலும் எடுத்துக்காட்டு இல்லை.

குறையுரை முடிந்தமை "ஓகே, நீங்க போகலாம்" என்ற தொடரால் அறியப்படும். அதன்பின் நாற்காலியில் கால் இடறுதலும், கதவை இழுப்பதா தள்ளுவதா என்று திகைத்தலும் உடற்திறன் தேர்வின்பாற்படும்; அத்தேர்வு முன்பே நடந்துவிட்டமையின் இங்கு விரிக்கப்படவில்லை.