கடுகண்ணாவை ஏற்றத்தில் மழை

அப்பாவின் போர்ட் பிரிஃபெக்ட் காருக்கு ஏற்றமும் மழையும் சேர்ந்து வந்தால் ஒத்துவராது. கொழும்புக்கு ஆள் ஏற்றிப்போய்த் திரும்பும்போது, மாவனல்லை தாண்டிக் கடுகண்ணாவை மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டால் வைப்பர் மெல்லமெல்லத் தளரும். பிறகு கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிடும். அந்தக் காரின் வைப்பருக்கு மின்மோட்டார் கிடையாது. எஞ்சின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தின் பலத்தில்தான் அது ஓடியது. சமதரையில் கால் லேசாக இருக்கும்வரை வெற்றிடம் பலமாக இருக்கும். ஏற்றத்தில் அக்சிலேட்டரை முழுதாக மிதித்ததும் வெற்றிடம் இல்லாமல் போகும். கண் நன்றாகத் தெரியவேண்டிய இடத்தில்தான் வைப்பர் கைவிடும்.

அதற்கு அப்பா ஒரு வழி வைத்திருந்தார். வளைவு வருமுன் ஒரு கணம் காலை எடுப்பார். வைப்பர் உயிர் வந்ததுபோல் இரண்டு மூன்று தடவை வேகமாக வீசும். அந்த இடைவெளியில் வளைவைப் பார்த்துக்கொண்டு மறுபடி மிதிப்பார். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், எதிரே மூடுபனிக்குள் விளக்கைப் போட்டபடி லொறிகள். முன் இருக்கையில் அமர்ந்து நானும் அவர் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். டோசன் கோபுரம் தெரிந்ததும்தான் அப்பா வாய் திறந்து பேசுவார். அந்தப் பாதையை வெட்டுவித்த டோசன் துரையின் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் அது. எங்களுக்கு அது, ஏற்றம் முடிந்தது, இனிப் பிலிமத்தலாவை வழியாக வீடு என்பதற்கான அடையாளம்.

அப்பா பேராதனைச் சந்தியில் வாடகைக் கார் ஓட்டினார். எழுபதுகளின் முற்பகுதி. 1970இல் வந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த காலம். ரயர், பல்ப், வைப்பர் எதைக் கேட்டாலும் கடைக்காரர் கையை விரிப்பார். இரவில் காரை நிறுத்தியதும் அப்பா வைப்பர் இரண்டையும் கழற்றித் துணியில் சுற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார். வெளியே விட்டால் விடியும்போது இருக்காது. சாமிப்படத்துக்குக் கீழே உள்ள தட்டில்தான் அவை படுத்திருக்கும். அம்மா ஒரு நாளும் அதற்கு ஒன்றும் சொன்னதில்லை. எங்கள் சோறு அந்தக் கண்ணாடி வழியாகத்தான் வந்தது.

ரப்பர் தேய்ந்துபோனால் பழைய சைக்கிள் ரியூபை நீளவாட்டில் வெட்டி, வைப்பரின் தகட்டுக்குள் செருகுவார். சவரக் கத்தியால் ஓரத்தைச் சீவிச் சீவிக் கூராக்குவார். ஆனாலும் அது கோடு கோடாக நீரை விட்டுக்கொண்டேதான் போகும். மழைக்கு முன் கண்ணாடியில் உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பது, சுருட்டுப் புகையிலையை நனைத்துத் தேய்ப்பது எல்லாம் சந்தியில் நின்ற சாரதிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த கைவைத்தியம். கொஞ்ச நேரத்துக்கு நீர் திவலையாக நிற்காமல் படலமாக வழியும். மலை ஏறி முடிக்க அவ்வளவு போதும்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. காரணம், ரப்பர் இந்த நாட்டுக்கு வந்ததே எங்கள் ஊர்த் தோட்டத்தின் கைவழியாகத்தான். 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 38 கண்ணாடிப் பெட்டிகளில் 1,919 ரப்பர் நாற்றுகள் இலங்கைக்குப் புறப்பட்டன. அவற்றைப் பொறுப்பேற்றவர் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவெய்ட்ஸ். ஹெனரத்கொடையில் அதற்கென்றே தோட்டம் போட்டு வளர்த்தார்கள். 1952இல் சீனாவோடு ரப்பரைக் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் போடும் அளவுக்கு அந்த மரம் நாட்டைத் தாங்கியது. அந்தப் பூங்காவின் வாசலுக்குக் கிட்ட வாடகைக்கு நின்ற ஒரு மனிதருக்கு, ஒரு சாண் நல்ல ரப்பர் கிடைக்கவில்லை.

பற்றரிக் கதை வேறு. பற்றரி என்றால் அப்போது கறுப்புப் பெட்டி. மேலே கீல் பூசி, அறைக்கு அறை ஈயப் பட்டை போட்டு இணைத்திருக்கும். ஆறு மூடி, ஆறு அறை. ஒவ்வொரு அறையும் இரண்டு வோல்ட்டும் சொச்சமும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா முதலில் செய்வது மோதிரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுப்பது. அவருடைய விரலைச் சுற்றி வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது. கலியாணம் முடிந்த புதிதில், ஸ்பானர் பிடித்த கையில் மோதிரம் பற்றரி முனைக்கும் காரின் உடம்புக்கும் இடையில் அகப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு வோல்ட் மனிதனுக்கு ஷொக் அடிக்காது. ஆனால் உலோகம் வழியாக அது பாய்ந்தால் ஸ்பானரே பழுத்துச் சிவக்கும். மோதிரம் பழுத்தது. சோப்புப் போட்டுக் கழற்றுமுன் தோல் வெந்துபோயிற்று.

பிறகு மூடிகளைத் திறந்து ஒவ்வொரு அறையாகப் பார்ப்பார். ஈயத்தகடு நீருக்கு மேலே தெரியக்கூடாது. தகட்டை மூடிக் கால் அங்குலம் நீர் நிற்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீர். அதுவும் கிடைக்காத மாதங்களில், நல்ல மழையில் முதல் அரை மணி நேரத்தை விட்டுவிட்டு, முற்றத்தில் நட்ட நான்கு கம்பில் வெள்ளைத்துணி கட்டி, நடுவில் விழும் நீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடிப்பார். தகரக் கூரையில் பட்ட நீரைத் தொடமாட்டார். குழாய் நீரும் கூடாது. அதிலுள்ள உப்பு தகட்டில் படிந்து பற்றரியைக் கொன்றுவிடும். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதை அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவுவார். சோடா அமிலத்தில் பட்டுச் 'சுர்' என்று நுரைப்பதைப் பார்க்கத்தான் நான் பக்கத்தில் நிற்பேன். மூடியெல்லாம் இறுகப் பூட்டிய பிறகுதான் அதைச் செய்வார். ஒரு சொட்டுச் சோடா உள்ளே போனாலும் அந்த அறை கெட்டுவிடும். கடைசியில் வசிலீன்.

ஒரு மாலை, சந்தியில் இன்னொரு சாரதி பற்றரியில் நீர் இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தார். இருட்டிவிட்டது. சட்டைப்பையிலிருந்த நெருப்புப் பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உரசினார். பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். பற்றரியின் மேல்பாகம் சிதறி அவர் முகத்தில் அடித்தது. பற்றரி மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிவரும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே தீப்பொறிக்குக் காத்திருக்கும். அப்பா அவரைத் தெருக்குழாய்க்கு இழுத்துப்போய், தலையைப் பிடித்துக் கண்ணைத் திறக்கவைத்து நீரை விட்டுக்கொண்டே நின்றார். ஆட்கள் 'ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி' என்று கத்தினார்கள். அப்பா அசையவில்லை. கால் மணிநேரம் கழுவிய பிறகுதான் வண்டியில் ஏற்றினார். அந்த மனிதரின் கண் பிழைத்தது. அப்பாவின் சட்டை அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் அம்மா துவைத்தபோது சல்லடையாகக் கிழிந்தது.

அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். பற்றரி செத்துவிட்டால் அதை உடைத்து, தகட்டை மாற்றி, ஈயத்தைக் கொல்லைப்புறத்திலேயே உருக்கி வார்த்தார்கள். அமிலத்தைக் காணில் ஊற்றினார்கள். அந்தக் கான் மகாவலிக்குத்தான் போயிற்று. ஈயப் புகைக்குப் பக்கத்தில் நாங்கள் மாபிள் விளையாடினோம். இன்று பழைய பற்றரியைக் கடைக்காரரே எடுத்துக்கொண்டு புதியதன் விலையில் கழிக்கிறார். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

1977க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்தது. பிரிஃபெக்டை விற்று ஜப்பான் கார் வாங்கினோம். நான் ஓட்டப் பழகியது அதில்தான். ஒரு நாள் அப்பா இல்லாத நேரம் பற்றரியைக் கழற்ற வேண்டியிருந்தது. அவர் செய்ததைப் பார்த்து வளர்ந்தவன். முதலில் பொசிட்டிவ் வயரில் கைவைத்தேன். ஸ்பானரின் வால் காரின் தகட்டில் தட்டியது. பொறி பறந்தது, நட்டு உருகியது. வந்த அப்பா திட்டவில்லை. என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "மகன், நான் பிளஸ்ஸைக் கழற்றினதுக்குக் காரணம், அந்தக் காருக்கு பிளஸ்தான் ஏர்த். இதுக்கு மைனஸ் ஏர்த். எது காரோட உடம்புல பூட்டியிருக்கோ அதை முதல்ல கழட்டணும், கடைசியா பூட்டணும்." கையைப் பார்த்துப் படித்திருந்தேன், காரணத்தைக் கேட்டதில்லை. இன்றைய கார்களுக்கு மைனஸ் முதலில் என்று மனப்பாடம் செய்தாலே போதும் என்பார்கள். எனக்கு அப்பா சொன்னதுதான் மறக்காது.

இப்போது நான் பெனிதெனியவில் இருக்கிறேன். கையில் ஒரு டொயோட்டா அக்குவா ஹைப்ரிட். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அதை வீட்டு முன்னாலிருந்த மரத்தடியில் நிறுத்தினேன். வாரக்கணக்காகத் தொடவில்லை. பூங்காவின் வௌவால்கள் அந்தியில் கூட்டங்கூட்டமாகப் பறந்து போகும். அவற்றின் எச்சம் கண்ணாடி முழுக்கக் காய்ந்து கிடந்தது. கதவைத் திறக்கச் சாவியை அழுத்தினால் சத்தமே இல்லை. பின்னால் 144 வோல்ட் பெரிய பற்றரி இருக்கிறது, ஆனாலும் வண்டி செத்துக் கிடக்கிறது. அந்தப் பெரியதை எழுப்புவது பின் இருக்கைக்குக் கீழே உள்ள ஒரு சின்னப் பன்னிரண்டு வோல்ட் பற்றரிதான். கடிகாரமும் எச்சரிக்கை மணியும் மெல்லமெல்ல அதைக் குடித்துவிட்டிருந்தன. நிறைந்த பற்றரி 12.6 வோல்ட் காட்டும். 12க்கு வந்துவிட்டால் அநேகமாக வெறுமை. அப்படியே போட்டுவைத்தால் தகட்டில் ஈயசல்பேட்டு இறுகிப்போய், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் தாங்காது.

சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்தோம். அடுத்த வீட்டுக் காரிலிருந்து மின் கொடுத்தோம். சிவப்பு வயர் முதலில் செத்த பற்றரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனை நல்லதன் பிளஸ்ஸில். கறுப்பு வயர் நல்லதன் மைனஸில், மறுமுனை எங்கள் காரில் பற்றரிக்கு எட்ட உள்ள வெறும் இரும்பில். கடைசியாகத் தொடுமிடத்தில்தான் பொறி பறக்கும். அது பற்றரிக்குப் பக்கத்தில் பறக்கக்கூடாது. கழற்றும்போது தலைகீழ் வரிசை. செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடவேண்டாம் என்று பக்கத்து வீட்டுத் தம்பியிடம் இரண்டு தடவை சொன்னேன். அது பெரிய பற்றரியின் வயர், ஆளைக் கொல்லும்.

2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் அதே பாடம் மறுபடியும். கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் கிடைத்த நாட்களில் யார் தேவையில்லாமல் ஓட்டுவார்கள்? அதற்கு முந்திய வரிசைகளில் நாலடி நகர்வதற்கு ஸ்டார்ட் செய்து, நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்து எத்தனை பற்றரிகள் போயின! கடைசியில் ஆட்கள் வண்டியைக் கையால் தள்ளினார்கள். என் வண்டியைக் கிழமைக்கு ஒரு தடவை முற்றத்து வெளியில் வைத்து 'ரெடி' விளக்கு எரியும்படி விட்டுவைத்தேன். பெரியது சின்னதை நிரப்பிக்கொள்ளும். மூடிய கராஜுக்குள் இதைச் செய்யக்கூடாது. எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கும், புகை உயிரை எடுக்கும்.

வைப்பர் இன்று எந்தக் கடையிலும் தொங்குகிறது. இரவில் யாரும் திருடுவதில்லை. ஆனால் பேராதனைச் சந்தியில் மழையில் நின்று பாருங்கள். கடந்துபோகும் புதுப்புதுக் கார்களில் எத்தனை வைப்பர் 'கிறீச் கிறீச்' என்று துள்ளுகின்றன. வைப்பரின் ஓரம் ஒரு மெல்லிய உதடு. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அந்த உதடும் மடிந்து மறுபக்கம் திரும்ப வேண்டும். வெயிலில் ரப்பர் இறுகிவிட்டால் உதடு திரும்பாது. ஒரு பக்கம் துடைத்து, மறுபக்கம் துள்ளும். ஆண்டுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய பொருள் இது. வௌவால் எச்சத்தையும் மரப்பாலையும் காய்ந்தபடியே அதனால் தேய்ப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

போன ஐப்பசியில் மகள் கொழும்பிலிருந்து தன் காரில் வந்தாள். நான் பக்கத்தில். மாவனல்லை தாண்டியதும் இடியோடு மழை. அவளுடைய வைப்பர் வேகமாகத்தான் ஓடியது, ஆனால் கண்ணுக்கு நேரே ஒரு பட்டை துடைபடவே இல்லை. எதிரே வந்த பஸ்ஸின் விளக்கு அந்தப் பட்டைக்குள் உடைந்து பரவியது. அவள் வேகத்தைக் குறைத்தாள். நான் அவள் காலைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் வைப்பர் சோடி ஒன்று வாங்கி வந்தோம். சாரதி பக்கத்துக்கு நீளமானது, மற்றப் பக்கத்துக்குக் கட்டையானது. பழையதை அளந்துதான் வாங்கினோம். வைப்பர்க் கையைத் தூக்கி நிறுத்தியதும், கண்ணாடியில் துவாயை நாலாக மடித்துப் போடச் சொன்னேன். வைப்பர் இல்லாத வெறுங்கை ஸ்பிரிங் பலத்தில் விழுந்தால் கண்ணாடி வெடித்துவிடும். அவளே வைப்பரின் நாக்கை அழுத்திப் பழையதைக் கீழே தள்ளிக் கொக்கியிலிருந்து எடுத்தாள். புதியது 'கிளிக்' என்று உட்கார்ந்தது. பழைய ரப்பரை விரலால் வளைத்துப் பார்த்தாள். நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு உதடு கிழிந்து தொங்கியது.

"பற்றரியையும் பார்த்துவிடுவோமா அப்பா? முனையெல்லாம் பூத்திருக்கு" என்றாள்.

நான் அப்பச்சோடா எடுக்க உள்ளே போகத் திரும்பினேன். கூப்பிட்டாள். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கலியாண மோதிரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பொனற்றைத் தூக்கினாள்.