மாவு ஒன்று, அடுப்பு மூன்று

கேள்வி: விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் ஒரே மூலநிரல் எதற்கு? ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால் எளிதில்லையா?

பதில்: பிரதி வைத்தால் ஒரே பிழையை மூன்று முறை திருத்த வேண்டும், மூன்றாவதை நிச்சயம் மறந்துவிடுவீர்கள். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளைப் பாருங்கள். தேடுவது, அடுக்குவது எல்லாமே பொது நிரல். கோப்பைத் திறப்பது, பூட்டுவது போல ஊருக்கு ஊர் மாறும் சங்கதிகள் மட்டும் தனிக் கோப்புகளில் இருக்கின்றன. யூனிக்ஸ் வகைகளுக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று. மேக்கும் லினக்ஸும் முதல் கோப்பிலேயே பந்தி போட்டு உட்கார்ந்துவிடும். இப்படிப் பிரிக்காமல், 'இந்த இயங்குதளம் என்றால் இந்த வரி' என்று சொல்லும் 'இஃப்டெஃப்' நிபந்தனைகளை நிரல் முழுக்கத் தூவுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. பிழை தேடுவது அரிசியில் கல் பொறுக்குவது போலாகிவிடும். உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் பக்கத்து வீட்டு ஐபோனிலும் ஓடுவது இந்த எஸ்க்யூலைட்தான்.