ரெண்டடித் தொட்டியில அமேசான்

வா மாப்ள. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, இன்னிக்கும் ஒண்ணு மிதந்துடுச்சு.

கொளத்தூரு போயி, வண்ணமீன் கடைங்களை ஒரு முழு ஞாயித்துக்கிழமை சுத்திச் சுத்தி அளந்துட்டு, ஒத்த ரூபா சைசுல எட்டு டிஸ்கஸ் குட்டி வாங்கியாந்தே. விட்டது ரெண்டடித் தொட்டியில. அடியில நீலக் கல்லு, நடுவுல பிளாஸ்டிக் கோட்டை, வாயைத் தொறந்து தொறந்து மூடுற ஒரு முதலை. நல்ல ஏற்பாடு. மீனுக்கும் பொழுது போகணும்ல?

கணக்குல நீ புலியாச்சே, போடு பாப்போம். ரெண்டடி நீளம், ஒரடி அகலம், ஒரடி ஒசரம். கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம். விளிம்பு வரைக்கும் ரொப்பினாலும் 56 லிட்டரு. கல்லு, கோட்டை, முதலைன்னு அவங்கவங்க பங்கை எடுத்துக்கிட்டா மிச்சம் 45. வளந்து ஆளான டிஸ்கஸ் ஒவ்வொண்ணும் ஆறு அங்குல அகலம் வரும். தலைக்கு 40 லிட்டராவது வேணும்னு வளக்கிறவங்க சொல்றாங்க. அப்படிப் பாத்தா உன் தொட்டியில ஒரே ஒரு மீனு ராஜாவா இருக்கலாம். அதான் தினம் ஒண்ணா கொறச்சிக்கிட்டு வரே போல, கணக்கு டேலி ஆகட்டும்னு.

குட்டிக்குச் சின்னத் தொட்டி போதும், வளந்தா மாத்திக்கலாம்னு கடைக்காரரு சொன்னாரா, நீயா சொல்லிக்கிட்டியா? பெரிய மீனு நாளைக்கு ஒரு வேளை ரெண்டு வேளை தின்னாப் போதும். குட்டி அஞ்சு வேளை கேக்கும். தின்னது கழியும், தின்னாம விட்டது அழுகும். போதாததுக்குச் செவுள் வழியா வேற அம்மோனியாவ விட்டுக்கிட்டே இருக்கும். விட்டது அதே தண்ணியில, அடுத்த மூச்சு இழுக்கறதும் அதே தண்ணியில. மொத வருஷம் வளர வேண்டிய வளத்தி போச்சுன்னா போச்சு. அப்புறம் நீ கடல்லயே கொண்டு போய் விட்டாலும் ஒடம்பு சின்னதா, கண்ணு மட்டும் பெருசா முழிச்சிக்கிட்டு நிக்கும்.

நாலடி நீளம், ஒண்ணரை அடி அகலம், ஒண்ணரை அடி ஒசரத்துல ஒண்ணு வாங்கு. 250 லிட்டரு நிக்கும். பந்தாவுக்குச் சொல்லல. நீ நைட் ஷிஃப்டுல இருக்கும்போது உன் வீட்டுக்காரி பாசத்துல ஒரு கை தீனி கூடப் போட்டுட்டான்னு வையி, பெரிய தொட்டி நீ காலையில வந்து பாக்கற வரைக்கும் தாங்கும். ரெண்டடித் தொட்டியில விடியறதுக்குள்ள தீர்ப்பு எழுதிடுவாங்க. அதுல ஆறு பேரை விடு. அதுக்கும் கீழே ரெண்டு மூணுன்னு விட்டா, ரவுடி ஒருத்தன் கிளம்பி எளைச்சவனைத் தீனிப் பக்கமே விடமாட்டான். ஆறு இருந்தா அவன் கோவம் பங்கு பிரிஞ்சிடும். கல்லு, கோட்டை ஒண்ணும் வாணாம், அடி வெறும் கண்ணாடியா இருக்கட்டும். கழிவைக் குழாய் வெச்சு உறிஞ்ச சுளுவு. முதலைய உன் பையன் குளிக்கும்போது குடு.

நான் நீர்க்கட்டியா ஏரி மடையத் தொறந்து மூடியே நரைச்சவன். ஏரியில மீனு செத்தா ஊரு ஜனம் மீனைப் பாக்கும், நான் வரத்துக்காலைப் பாப்பேன். உன் வரத்துக்கால் எது? வீட்டு போரு. அதுல டிடிஎஸ் மீட்டரை வுட்டுப் பாத்தியா? நம்ம கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கம் ஆயிரத்தைத் தாண்டுற போருங்க உண்டு. மெட்ராசுக்கும் மணலி ஃபேக்டரிங்களுக்கும்னு மீஞ்சூரு, பஞ்செட்டி, தாமரைப்பாக்கத்துல கெணறு போட்டு உறிஞ்சினாங்க. மீஞ்சூரு பக்கம் அடியில கடலு உள்ளே பூந்துச்சு. அப்புறம் 2010-ல காட்டுப்பள்ளியில அதே கடலை மொண்டு, நாளைக்குப் பத்து கோடி லிட்டரு நல்ல தண்ணியா மாத்துறோம்னு பிளான்ட்டு வெச்சாங்க. பெரியவங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு.

உன் மீனு அமேசான் காட்டுல மழைத்தண்ணிக்குப் பொறந்தது. உப்பே இல்லாத தண்ணி, புளிப்புப் பக்கம் சாஞ்சது, 28-லேர்ந்து 30 டிகிரி சூடு. அதுக்காக ஆர்ஓ கேனா வாங்கி ஊத்திடாதே. வெறும் ஆர்ஓ தண்ணியில பிஎச் நிலையா நிக்காது, ஒரு நாளு திடீர்னு சரிஞ்சிடும். முட்டை பொரியத்தான் அத்தனை சுத்தம் வேணும். குட்டி வளக்கறதுக்குப் போரையும் ஆர்ஓவையும் கலந்து, தினம் ஒரே மாதிரி குடுத்தாப் போதும். பிஎச்சு மேல ஒரு கண்ணு இருக்கட்டும். அது ஏழுலேர்ந்து எட்டுக்குப் போச்சுன்னா, அதே அம்மோனியாவோட வெசம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. சூடு ஏற ஏற இன்னும் ஏறும். தொட்டி அதே, மீனு அதே, சாவு மட்டும் சீக்கிரம்.

ஃபில்டர் சேதி கேட்டதும்தான் எனக்குச் சிரிப்பு தாங்கல. வாராவாரம் அந்த ஸ்பாஞ்சைப் பைப்படியில சோப்பு போட்டுப் பளபளன்னு தேய்க்கிறியாமே! உன் சுத்தத்தை நாலு பேருக்குச் சொல்லணும். அந்த அழுக்குக்குள்ளதான் அம்மோனியாவைத் தின்னு செரிக்கிற நுண்ணுயிரு குடியிருக்கு. குடும்பமாகி நிலைக்க நாலஞ்சு வாரம் ஆகும். நீ ஞாயிறுக்கு ஞாயிறு குடியைக் கலைக்கிறே. தொட்டியிலேர்ந்து எடுத்த பழைய தண்ணியில ரெண்டு தடவை அமுக்கி அலசு, தீர்ந்துது.

தினம் கால் பங்கு தண்ணி மாத்து. முடிஞ்சா பாதி. கொழாய்த் தண்ணின்னா குளோரின் இருக்கும், முன்னாடி நாளே டிரம்முல புடிச்சு காத்து வுட்டு வை, ஹீட்டரு போட்டுச் சூடு ஒத்து வந்தப்புறம் ஊத்து. டிரம்மு வாங்கும்போது மட்டும் சிப்காட்டு பக்கத்துப் பழைய இரும்புக் கடையில சல்லிசா நீல டிரம்மு கிடைக்குதுன்னு தூக்கிட்டு வராதே. அதுல முன்னே என்ன இருந்துதுன்னு விக்கிறவனுக்கும் தெரியாது. உனக்குத் தெரியும், நீயே அதைத்தானே அங்க கலக்கிட்டிருக்கே.

சந்தேகம் இருந்தாக்கா பொன்னேரியில மீன்வளக் கல்லூரி இருக்கு, படிச்ச புள்ளைங்க இருக்காங்க. என்னைக் கேக்கறதை விட அது மேலு. ஆனா அவங்க உன்னை வெச்சு சிரிக்க மாட்டாங்க, அதுல உனக்கு நஷ்டம்தான்.

ஒண்ணு சொல்றேன் கேளு. அந்த மீனுல ஆத்தாளும் அப்பனும் ரெண்டு பேரும் குட்டிக்குத் தீனியாவாங்க. ஒடம்பு மேல ஊர்ற வழவழப்பைக் குட்டிங்க கொத்தித் திங்கும். ஆத்தா களைச்சா அப்பன் பக்கத்துல வந்து நிப்பான், மந்தை அப்படியே இவன் மேல தாவும். 2010-ல பிளைமவுத்துக்காரங்க அதை ஆராய்ஞ்சு எழுதினாங்க: அந்த வழவழப்புல புரதம் இருக்குது, நோய் எதிர்க்கிற சத்து இருக்குது. மூணு வாரம் போனா ரெண்டு பேரும் குட்டிங்களை வுட்டு வெலகி வெலகி நீந்துவாங்களாம். அப்படிப் பாத்துப் பாத்து வளத்த புள்ளைய வாங்கியாந்து நீ சாக்கடை ஓரத்துல அள்ளின புழுவைப் போடுறே.

இப்ப இருக்கற அஞ்சைப் பாரு. மேனியில கறுப்புக் கோடு ஏறி, மூலையில மூஞ்சிய வெச்சிக்கிட்டு, வெள்ளை நூலாட்டம் கழியுது ஒண்ணு. அதுக்குத் தனித் தொட்டி, மருந்து. மத்ததுங்க பொழைக்கும். கரன்டு போனா ஏர் பம்புக்கு பேட்டரி வாங்கி வை. 30 டிகிரி தண்ணியில காத்து கம்மியாத்தான் நிக்கும். அக்னி நட்சத்திரத்துல உன் தகர ஷீட்டுக் கொட்டாய்க்கு அடியில தொட்டி இருந்தா அது தொட்டி இல்ல, கொழம்பு.

இந்த ஞாயித்துக்கிழமை நாலடித் தொட்டி எடுக்கப் போறப்ப மினி வேன் சொல்லு. ஸ்டாண்டை உன் கம்பெனி வெல்டர் கையில அடிச்சு வாங்கு, தண்ணி மட்டுமே கால் டன்னு வரும். கண்ணாடியைப் பின்னாடி ரெண்டு பேரு புடிச்சிக்கணும். நான் முன் சீட்டு.