சனிப்பெயர்ச்சி

எங்கள் வீட்டில் சனி இரண்டரை வருஷம் இருந்தான். ஜாதகக் கட்டத்தில் இல்லை, பின்கட்டுத் தாழ்வாரத்தில், பழைய கோழிக்கூண்டில். எடை எண்ணூறு கிராம். உடம்பெல்லாம் பழுப்பு, இடுப்பைச் சுற்றி மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை. வால் கிடையாது. ஊர் உலகம் கினி பிக் என்கிறது. அகராதிக்காரர்கள் சீமைப்பெருச்சாளி என்கிறார்கள். அப்படிச் சொல்லிப் பார்த்தேன், வந்த விருந்தாளி காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்.

சனி என்று பேர் வைத்தவள் பேத்தி. நாங்கள் இருப்பது காவலூர். ஜவ்வாது மலையில், 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிற ஊர். என் வீட்டுக்காரர் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். லீவுக்கு வந்திருந்த பேத்தி சின்னத் தொலைநோக்கி ஒன்றில் சனிக்கிரகத்தின் வளையத்தைப் பார்த்துவிட்டு, பெங்களூர் திரும்பியதும் அப்பாவை நச்சரித்து இரண்டு கினி பிக் வாங்கினாள். பட்டை போட்டவன் சனி. குண்டாக இருந்தவன் வியாழன். அப்புறம் மகளும் மருமகனும் சிங்கப்பூருக்கு மாற்றலாகிப் போனார்கள். மிக்ஸி, துணி காயப்போடும் ஸ்டாண்டு, இரண்டு கிரகங்கள் எல்லாம் 2022 ஆகஸ்டில் எங்கள் வீட்டில் வந்து இறங்கின.

வியாழனைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குரு பார்க்கக் கோடி நன்மை. சனி விஷயம்தான் சிக்கல். தினமும் விடிந்ததும் பின்வாசலில் நின்று, “சனி, எழுந்துட்டியா? ராத்திரி பூரா கத்திட்டு இப்ப தூக்கமா?” என்று கேட்பேன். பால் ஊற்ற வருகிற அம்மா மூன்று மாதம் கழித்துத்தான் கூண்டைப் பார்த்தார். “இதத்தான் சொன்னியா? நான் உன் வூட்டுக்காரரன்னு இல்ல நெனச்சேன்” என்றார். இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், அந்த மூன்று மாதமும் அவர் ஒரு வார்த்தைகூட ஆட்சேபிக்கவில்லை.

2025 பொங்கலுக்கு மறுவாரம் வியாழன் செத்துப்போனான். கொய்யா மரத்தடியில் புதைத்தோம். அதோடு சனி மூலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். கொத்தமல்லியைக்கூட மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கினான். இந்த ஜாதி தனியாக இருக்காது. சுவிட்சர்லாந்தில் கினி பிக்கை ஒற்றையாக வளர்க்கக் கூடாது என்று 2008-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். நம் ஊரில் வயசான மனுஷர்களுக்கே அப்படி ஒரு சட்டம் கிடையாது. இந்த வயதில் இன்னொன்று வாங்கி இன்னும் ஆறேழு வருஷம் புல் அறுக்க என்னால் ஆகாது. மகள் சிங்கப்பூரிலிருந்தே அங்கே இங்கே கேட்டு, கோயமுத்தூரில் ஒரு வீட்டைப் பிடித்தாள். அங்கேயும் ஜோடி போய் ஒற்றையாக ஒரு கிழ ஆண். எடுத்துக்கொள்கிறோம் என்று அந்த வீட்டம்மா சந்தோஷமாகச் சொன்னார். அவருடைய மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “பேரென்னங்?”

அதோடு பேச்சு ஒரு வாரம் நின்றது.

திருக்கணிதப்படி அந்த வருஷம் மார்ச் 29-ல் சனிப்பெயர்ச்சி. வாக்கியப் பஞ்சாங்கப்படி அடுத்த வருஷம் மார்ச்சில்தான். திருநள்ளாறு கோயிலும் அதைத்தான் அறிவித்திருந்தது. கோயமுத்தூர் மாமியார் திருக்கணிதக் கட்சி. பெயர்ச்சி முடியட்டும், எந்த ராசிக்கு எப்படி என்று பார்த்துவிட்டு அழைத்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் கினி பிக் வெயில் தாங்காது. முப்பது டிகிரியை நெருங்கினாலே தலையைத் தொங்கப் போட்டுவிடும். பங்குனியில் சேலத்து ரோட்டில் அதைக் கொண்டுபோனால் பெயர்ச்சியாகாது, பரலோக யாத்திரையாகிவிடும். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. மாசியிலேயே வரட்டும், ஆனால் அவர்கள் வீட்டு வாசற்படி தாண்டும்போது அந்தப் பேர் இருக்கக் கூடாது.

அனுப்புவது எப்படி என்ற கேள்வி அப்போதுதான் ஆரம்பித்தது.

காவலூரிலிருந்து கோயமுத்தூர் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். என் வீட்டுக்காரருக்கு இது ஒரு தூரமே இல்லை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, எங்கள் ஊரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நட்சத்திர வெளிச்சம் நடுநடுவே மங்கிய கணக்கு கிடைத்தது. யுரேனஸுக்கும் வளையம் உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்த ராத்திரி அது. அமெரிக்காக்காரர்கள் விமானத்தில் தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு பறந்து பார்த்ததை, நம் ஆட்கள் காவலூரில் தரையில் நின்றே பார்த்தார்கள். யுரேனஸ் சூரியனிலிருந்து 287 கோடி கிலோமீட்டர். அதையெல்லாம் அருகிலிருந்து பேசிப் பழகிய மனுஷர், “கோயமுத்தூருக்கு ஒரு கூடை அனுப்ப முடியாதா?” என்று சாய்வு நாற்காலியிலிருந்து கேட்டார். எழுந்திருக்கவில்லை.

கூரியர்க்காரர் உயிருள்ளதைத் தொட மாட்டோம் என்றார். நியாயம்தான். தபாலில் போகுமா என்று பார்த்தோம். உலகத் தபால் ஒன்றிய விதிகளில் தேனீக்கும் பட்டுப்புழுவுக்கும் அட்டைக்கும்கூட இடம் கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் குடிக்கிற அட்டைக்குத் தபால்தலை ஒட்டலாம், புல் தின்கிற சனிக்குக் கூடாது. வாடகைக் கார் பேசிப் பார்த்தேன். ஒரு வழிக்கு ஐயாயிரம் சொன்னார் டிரைவர். “எத்தனை பேரும்மா?” “ஆள் யாரும் இல்லப்பா.” “அப்ப லக்கேஜா?” “லக்கேஜும் இல்ல.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அம்மா, பொணம் ஏத்த மாட்டேன்” என்று போனை வைத்துவிட்டார்.

ரயிலுக்கு வருவோம். நாய், பூனை என்றால் ஏ.சி. முதல் வகுப்பில் தனி கூப்பே பிடித்துக் கூடவே கொண்டுபோகலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியை ஒட்டிய லக்கேஜ் வேன். சனியோ நாயும் இல்லை, பூனையும் இல்லை. பார்சல் ஆபீஸ் ஒன்றில் கேட்டபோது அங்கிருந்தவர் பொறுமையாகவே விசாரித்தார். “பிக்னா பன்னிங்களா?” “இல்ல சார், பேருதான் அப்படி.” “அப்ப எலியா?” “எலி இனம்னு சொல்லலாம்.” “எலியைப் பார்சல் அனுப்புறீங்களா?” இந்த இடத்தில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது.

இதே கேள்வி அமெரிக்காவில் 1905-லேயே வந்திருக்கிறது. எல்லிஸ் பார்க்கர் பட்லர் என்பவர் ‘பிக்ஸ் ஈஸ் பிக்ஸ்’ என்று ஒரு நகைச்சுவைக் கதை எழுதினார். பார்சலில் வந்த இரண்டு கினி பிக்குக்குச் செல்லப்பிராணிக் கட்டணம் 25 சென்ட் போடுவதா, பன்றிக் கட்டணம் 30 சென்ட் போடுவதா என்று பார்சல் குமாஸ்தாவுக்கும் வாடிக்கையாளருக்கும் சண்டை. மேலிடத்துக்குக் கடிதம் போய்த் திரும்புவதற்குள் அந்த இரண்டும் குட்டி போட்டு, குட்டிகள் குட்டி போட்டு, ஆபீஸே நிரம்பிவிடும். நூற்றிருபது வருஷமாகியும் கேள்வி அப்படியே இருக்கிறது. ஐந்து சென்ட் வித்தியாசத்தை இன்னும் யாரும் தீர்த்து வைத்தபாடில்லை.

சரி, நாமே கொண்டுபோவோம், அவர்கள் பாதி வழி வரட்டும் என்று முடிவாயிற்று. சேலம் புது பஸ் ஸ்டாண்டில் கைமாற்று. நான் காவலூர், ஆலங்காயம், திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர் வழியாகப் போய்ச் சேர வேண்டும். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. அது எப்போதும் இருக்கிற வலி, அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல்.

என் கையால் பின்னிய வயர் கூடை ஒன்று இருந்தது. நீலமும் மஞ்சளும், சிவன் கண் முடிச்சு. சிவனையே பிடித்தவன் சனி என்பார்கள். இங்கே சிவன் கண்ணுக்குள் சனி உட்கார்ந்தான். அடியில் பழைய செய்தித்தாள், மேலே காய்ந்த புல், ஒரு மூலையில் வெள்ளரித் துண்டு. வாயை மூட என் வீட்டுக்காரரின் துண்டு. அப்புறம் கொய்யாப்பழம். கினி பிக்குக்கு நம்மைப் போலவே உடம்பில் வைட்டமின் சி சுரக்காது, சாப்பாட்டில்தான் கிடைக்க வேண்டும். 1907-ல் நார்வேயில் இரண்டு பேர் இதன் மேல் செய்த சோதனையில்தான் ஸ்கர்வி நோய் சாப்பாட்டுக் குறையால் வருவது என்று தெளிவாயிற்று. ஆகவே நாம் பல் விழாமல் இருப்பதில் சனியின் முன்னோருக்கும் பங்கு உண்டு. அதற்கு நன்றியாக ஒரு கொய்யாப்பழம் அதிகமில்லை.

விடியற்காலை டவுன் பஸ். குளிர் எலும்பைத் துளைத்தது. ஏறியதுமே கண்டக்டர், “இன்னாம்மா கூடையில?” என்றார். பதில் தயாராக வைத்திருந்தேன். பன்றி என்றால் இறக்கிவிடுவார்கள். எலி என்றால் பக்கத்தில் இருப்பவர்கள் இறங்கிவிடுவார்கள். அதனால், “முயல் மாதிரிப்பா” என்றேன். இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்த காக்கிச் சட்டை உடனே திரும்பியது. வனக்காவலர். ஜவ்வாது மலையில் விடிகாலையில் ஒரு கிழவி முயல் கொண்டுபோகிறாள் என்றால் அவர் திரும்பாமல் என்ன செய்வார்? காட்டு முயல் பிடிப்பது குற்றம். எழுந்து வந்து துண்டை விலக்கிப் பார்த்தார். சனி அவரைப் பார்த்தான்.

“இது இன்னா?”

“வீட்ல வளக்கிறது சார். பேரு சனி.”

என் பக்கத்தில் இருந்த பாட்டி எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டார். காக்கிச் சட்டைக்காரர் சிரித்துவிட்டு, வாலைக் காணோமே என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார். கண்டக்டர் எனக்கு இலவச டிக்கெட்டும் சனிக்குப் பத்து ரூபாய் லக்கேஜும் கிழித்துக் கொடுத்தார். பெண்களுக்கு இலவசம், சனி ஆண். சட்டப்படி சரிதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கர்நாடகத்தில் 2024 மார்ச்சில் பெங்களூரிலிருந்து மைசூர் போன ஒரு பாட்டிக்கும் பேத்திக்கும் பஸ்ஸில் இலவசம், அவர்கள் கொண்டுபோன நான்கு லவ் பேர்ட்ஸுக்குத் தலைக்கு 111 வீதம் 444 ரூபாய் டிக்கெட். அதை நினைத்தால் பத்து ரூபாய் மரியாதையான தொகை.

திருப்பத்தூரில் சேலம் பஸ் பிடித்தேன். இந்தப் பிராணியின் ஒரு குணத்தை இங்கே சொல்ல வேண்டும். வீட்டில் கீரை பிளாஸ்டிக் கவரில் வரும். அதனால் கவர் கசங்குகிற சத்தம் கேட்டால் சாப்பாடு வருகிறது என்று அர்த்தம். உடனே கழுத்தை நீட்டி, “வீக், வீக், வீக்” என்று கத்துவான். தொண்டை இருக்கிற அளவுக்கும் வருகிற சத்தத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஊத்தங்கரையில் பஸ் நின்றதும் முறுக்கு, வேர்க்கடலை, கொய்யா எல்லாம் கவரில் ஏறின. முதல் கவர் பிரிந்தது. சனி ஆரம்பித்தான். ஐந்தாறு பேர் செல்போனை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது கவர். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, பெல்ட்டில் ஏதோ கோளாறு என்று இறங்கிப் பானெட்டைத் திறந்தார். நான் கூடையை மடியில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரூர் வருவதற்குள் பஸ்ஸுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, “இது கறிக்கு ஆவுமா?” என்று கேட்டார். தென்னமெரிக்காவில், பெரு நாட்டில், ஆயிரக்கணக்கான வருஷமாக இதைக் கறிக்காகத்தான் வளர்க்கிறார்கள். அந்தத் தகவலை நான் அவரிடம் சொல்லவில்லை. மஞ்சவாடிக் கணவாய் தாண்டும்போது முன் சீட்டுச் சிறுமி ஒருத்தி தன் வெள்ளரிக்காயில் பாதியைச் சிவன் கண் வழியாக உள்ளே தள்ளினாள். வியாழன் போன பிறகு அவன் முழுசாகச் சாப்பிட்டது அதைத்தான்.

சேலத்தில் டீக்கடை ஓரமாக அவர்கள் கார் நின்றது. மாமியாரும் வந்திருந்தார். கூடையை உற்றுப் பார்த்தார். “ஏனுங்க, இம்புட்டூண்டுதானுங்களா? இதுக்குப் போயி இந்தப் பேரை வெச்சீங்களே!” என்றார். கொய்யாத் துண்டைத் தன் கையாலேயே நீட்டினார். அவன் வாங்கித் தின்றான். “இனிமே இவன் மணிங்க” என்று அங்கேயே பெயர் மாற்றமும் முடிந்தது. ஒரே எழுத்து. எண் கணிதக்காரர் யாருக்கும் செலவில்லை. கூடையைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு கிழவன்களும் முதல் வாரம் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்களாம். இப்போது ஒரே தட்டு. மணி என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அந்த அம்மா போனில் குறைப்பட்டார். சனி என்று கூப்பிட்டபோதும் திரும்பியதில்லை, கவரைக் கசக்கிப் பாருங்கள் என்றேன்.

எங்கள் தாழ்வாரத்தில் கோழிக்கூண்டு காலியாக இருக்கிறது. நல்ல கம்பி, துரு இல்லை. வேண்டுபவர்கள் காவலூருக்கு நேரில் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். அனுப்பி வைக்கச் சொல்லாதீர்கள்.