ஏன் என்று கேட்காதே, கோடு போடு

“ஏன் அப்படி நினைக்கிறாய்?” என்று பிள்ளையிடம் கேட்க வேண்டுமாம். அதற்கும் ஆசிரியர்களுக்குச் செயலமர்வு. காலையில் மங்கள விளக்கு, நடுவில் ரோல்ஸும் தேநீரும், மாலையில் சான்றிதழ். பவர்பொயின்ட் காட்டிய வளவாளர் கடைசிவரை ஓர் ஆசிரியரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

சரக்கும் புதிதல்ல. 2007இலேயே மகரகம தேசிய கல்வி நிறுவகம் ‘ஐந்து ஈ’ (5E) கற்பித்தல் முறையைக் கொண்டுவந்தது. ஐந்தில் ஒன்று, பிள்ளை தன் வாயால் விளக்குவது. ஆசிரியர் வழிகாட்டி நூலில் அந்தப் பிள்ளை இன்னும் விளக்கிக்கொண்டுதான் இருக்கிறது. வகுப்பில் இருப்பது கைகட்டி, வாய்பொத்திய பிள்ளை.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தரம் 5 படித்தாலும் கொழும்பில் படித்தாலும் புலமைப்பரிசிலின் முதலாம் பத்திரத்தில் சரியான விடைக்குக் கீழே கோடு போட்டால் போதும். ஏன் என்று எழுத அரை அங்குல இடம் கிடையாது. 2024 செப்டெம்பர் 15 பரீட்சையில் அந்தப் பத்திரத்தின் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டன. பரீட்சைத் திணைக்களம் கண்ட தீர்வு என்ன தெரியுமா? மூன்றுக்கும் எல்லோருக்கும் இலவசப் புள்ளி! பத்து வயதுப் பிள்ளை தன் விடைக்கு நியாயம் சொல்ல வேண்டும். பெரியவர்களிடம் நியாயம் கேட்க உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் ‘ஏன்’ என்றைக்குமே விலைபோனதில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கேட்டால் வாயாடி. கொழுந்து நிறுக்கிற இடத்தில் “ஏன் இத்தனை கிலோ கழித்தீர்கள்?” என்று கேட்டால் அன்றைக்கு அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். “வாய் கொடுக்காதே” என்று லயத்தில் அம்மா சொல்லி அனுப்புகிறாள். பாடசாலை அதையே சீருடை போட்டுச் சொல்லிக்கொடுக்கிறது. தோட்டத் துரைமாருக்குச் செலவில்லாத சேவை.

நல்லதுதான். பிள்ளைக்கு விளக்கம் கேட்கிற பழக்கம் வந்துவிட்டால் கணக்குப் பாடம் எங்கே போய் நிற்கும்? 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1700 ரூபாய் என்றார் அன்றைய ஜனாதிபதி. கைதட்டினோம். வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. செப்டெம்பரில் வந்த வர்த்தமானியில் இருந்தது 1350.

மிச்சம் 350 எங்கே போனது? செய்கையோடு விளக்குங்கள், துரைமார்களே.